மஞ்சள்கரு

மணவாளக்குறிச்சியின் மாலை வெயில் ரத்தப் பரிசோதனை லேபின் கண்ணாடிக் கதவு வழியே தரையில் விழுந்து கிடக்கிறது. பெஞ்சில் லீமாவும் அவள் கணவன் மரியஜானும் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு இருவர் கையிலும் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவனுக்குக் கொழுப்பு கூடுதல் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து தினமும் முட்டையின் வெள்ளைக்கரு அவனுக்கு. வீசி எறிய மனமில்லாமல் மஞ்சள்கருவை அவள் தின்கிறாள். இறைச்சியில் அவனுக்காக விலக்குகிற கொழுப்பான நெய்த்துண்டுகளும் அவள் தட்டுக்கே வருகின்றன. லேபில் வேலைசெய்யும் ஸ்மிதா இரண்டு தாள்களை நீட்டுகிறாள். “அண்ணனுக்கு எல்லாம் நார்மல். அக்கா, ஒங்களுக்குத்தான் கெட்ட கொழுப்பு ரொம்பக் கூடியிருக்கு. நெஞ்சுக்கு ஆபத்து, ஒடனே டாக்டரைப் பாக்கணும்.” மரியஜான் தன் தாளை இரண்டு முறை வாசிக்கிறான். லீமாவின் மடியில் இருக்கும் தாள் ஃபேன் காற்றில் படபடக்கிறது. “இதையும் ஒண்ணு பாருங்க,” என்கிறாள். அவன் குனியவில்லை. “ஏட்டி, ஒனக்குக் கொழுப்பு கூடுதல்னு நான் பண்டே சொன்னேன்லா!” பெஞ்சு அதிரச் சிரிக்கிறான். ஸ்மிதா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறுபக்கம் பார்க்கிறாள். லீமா கையிலிருந்த பஞ்சை மெல்ல உரிக்கிறாள். உளுந்தளவு ரத்தம் அதில் கறுத்துக் காய்ந்திருக்கிறது. அவன் தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொள்கிறான். வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பி, அன்பாகத்தான் சொல்கிறான்: “நாளைக்கு எனக்கு முட்டைய முழுசா வையி மக்கா. மஞ்சக்கரு இனி ஒனக்கு ஆகாதுல்லா.”