சீமை எடை மெஷின்

உள்ளூர்ச் சாமானையும் சீமைச் சாமானையும் பக்கத்தில் வைத்து விலை ஒப்பிட்டுக் குறியீட்டெண் போட, அம்பத்தூரில் ஓர் ஆபீஸ் இருந்தது. நம் தெரு ஜெயகுமாரி அங்கே தற்காலிக கிளார்க். போன வருஷம் பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு வந்தவள். தெருவே துருவித் துருவிக் கேட்டும் வாய் திறக்கவில்லை, அழுத்தக்காரி.

ஒருநாள் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின்கள் இரண்டு வந்தன. இரண்டும் ஒரே எடை காட்டினால்தான் விலையை ஒப்பிட முடியும். படிக்கல்லுக்கு ஒரே எடை. பியூன் வேம்புலிக்கும் ஒரே எடை. ஜெயகுமாரி ஏறினாள். உள்ளூர் மெஷினில் நாற்பத்தைந்து கிலோ, சீமை மெஷினில் நாற்பத்தெட்டு.

“இன்னாமா, எறங்கி ஏர்றதுக்குள்ள மூணு கிலோ துன்ட்டியா?” என்றார் வேம்புலி.

மறுமாதம் மறுபடி சோதனை. உள்ளூர் மெஷினில் அதே நாற்பத்தைந்து. சீமையில் நாற்பத்தொன்பது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “மெஷின்ல கோளாறு இல்லம்மா, உன்கிட்டதான் ஏதோ தில்லுமுல்லு. இன்னொரு தடவை ஏறு. ஒத்துவந்தா வேலை நிரந்தரம், இல்லேன்னா நாளையிலேருந்து வராதே.”

ஏறினாள். நாற்பத்தொன்பதேதான். இறங்கினாள்.

முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. நாலு கிலோவில் நின்றது. வேம்புலி கண்ணாடியைத் தட்டினார். அதிகாரி குனிந்து அடியில் பார்த்தார். முள் அசையவில்லை.

ஜெயகுமாரி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று, மெஷினைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்.”

முள் மெல்ல இறங்கியது.