அந்த ஆளின் பெயர்

"அந்த ஆள் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்!"

புரொபசர் வென்டல் ஹாகன் மேஜையைத் தட்டியே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் டாக்டர் நவோமி கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "இப்போ நம்ம நாட்டு அதிபர் யாரு?" ஞாபக சக்தியைச் சோதித்துக்கொள்ள வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான்.

நவோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிபரைக் கண்டால் அவளுக்கும் ஆகாது. போன வருஷத் தேர்தலில் அவர் ஜெயித்ததிலிருந்து, டிவியில் அந்த முகம் வந்தாலே சேனலை மாற்றிவிடுவாள்.

"சார், பேரைச் சொன்னாத்தான் நான் மார்க் போட முடியும்."

"போடாட்டி போங்க!" ஹாகன் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மார்க்தான் நவோமியை உறுத்தியது. முப்பதுக்கு இருபத்தாறு எடுத்தால்தான் எழுபத்திரண்டு வயது ஹாகன் தன் மூளை ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடர்ந்து நடத்தலாம் என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லியிருந்தது. இதுவரை இருபத்தைந்து. ஐந்து வார்த்தைகளை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னதில் மூன்றைக் கோட்டைவிட்டிருந்தார். தேதியிலும் தடுமாறினார். இதுதான் கடைசிக் கேள்வி.

இவரிடமிருந்து அந்தக் கூடத்தைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. தேர்தல் வந்தால் மனிதர்களின் மூளை என்ன பாடுபடுகிறது என்பதை, விஸ்கான்சின் மாநிலத்தில் இவர் அளவுக்கு ஆராய்ந்தவர்கள் யாரும் கிடையாது.

"உங்க ஆராய்ச்சியே இந்தக் கோபத்தைப் பத்தித்தானே சார்?" என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

ஹாகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டது.

"அதேதான்! ரெண்டு கட்சிக்காரங்களையும் ஸ்கேன் மெஷின்ல படுக்க வெச்சேன். தலைவர்கள் வாய் கூசாமப் புளுகின பேச்சுகளா பொறுக்கியெடுத்துப் போட்டுக் காட்டினேன். எதிர்க்கட்சித் தலைவன் புளுகினா, மூளையில சந்தேகப்படற இடம் ஜெகஜோதியா எரியுது. நம்ம தலைவன் புளுகினா? அணைஞ்சே கிடக்குது! பால் பண்ணைக்காரன், புரொபசர், டாக்டர், எல்லாரும் இதுல ஒரே லட்சணம்தான்."

"எங்க வீட்டுக்காரரோட அண்ணனும் அப்படித்தான் சார்," என்றாள் நவோமி சட்டென்று. "தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துல வான்கோழியை வெட்டுறதுக்குள்ள சண்டையை ஆரம்பிச்சுடுவாரு. அவங்க ஆளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. இந்த வருஷம் வரவே இல்லை. விட்டது தொல்லைன்னு இருக்கோம்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா." ஹாகனின் குரல் இறங்கியது. "அவரு கெட்டவர் இல்ல. 'இவன் நம்ம ஆளு'ன்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, மூளை அதுக்கப்புறம் எதையும் விசாரிக்காது. அவ்வளவு சோம்பேறி அது. போன் பண்ணிக் கூப்பிடுங்க. கிறிஸ்துமஸுக்காவது வரட்டும்."

எவ்வளவு பெரிய மனசு இந்த மனிதருக்கு என்று நவோமி நெகிழ்ந்துபோனாள். இப்படித் தெளிவாகப் பேசுகிறவருக்கு ஞாபக மறதி என்று யார் கிளப்பிவிட்டார்கள்?

ஹாகன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டாக்டர், அந்த லேப் இல்லேன்னா காலைல எழுந்து நான் எங்க போவேன்?" என்றார்.

நவோமி பேனாவை எடுத்தாள். மறந்துபோன ஆள் மேல் யாருக்காவது இத்தனை ஆத்திரம் வருமா? யாரென்று நன்றாகத் தெரிந்ததால்தானே பெயரைச் சொல்ல நாக்கூசுகிறது? தேர்தல் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளே அப்படித்தானே கத்தினாள்! சரி என்று குறி போட்டாள். இருபத்தாறு.

"லேபுக்குத்தான் போவீங்க சார். வேற எங்க?"

ஹாகன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நவோமி வெளியே வந்தாள். வராந்தாவில் அவர் மனைவி ஆர்லீன், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தும் இந்த ஒரு மணி நேரமும் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"பாஸ் பண்ணிட்டாரும்மா!"

"நிஜமாவா டாக்டர்?" ஆர்லீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "வீட்டுல ஒரு மாதிரியா இருக்காரேன்னு நான்தான் பயந்துட்டேன். எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னாரா?"

"கடைசிக் கேள்விக்குத்தான் ஒரே ரகளை. அதிபர் பேரு என்னன்னு கேட்டா, 'அந்த ஆள் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்'னு மேஜையைத் தட்டுறாரு! எனக்கு மட்டும் அந்த ஆளைப் பிடிக்குமா என்ன? சிரிச்சுட்டு மார்க் போட்டுட்டேன்."

ஆர்லீன் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அவர் மேல இவருக்கு என்ன கோபம் டாக்டர்? போன வருஷம் நாலு மாசம் கால் வீங்க வீடு வீடா ஏறி இறங்கி, அவருக்குத்தானே இவரு ஓட்டு கேட்டாரு! ஜெயிச்ச அன்னிக்கு அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே!"