ரெங்கம்மாள் பார்க்காத படம்

ரெங்கம்மாள் படத்துக்குப் போகவில்லை.

ஆனால் திங்கட்கிழமை காலை ராட்டை முன்னால் உட்கார்ந்ததும் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"டைட்டில் ஓடும்போதே பஸ் ஸ்டாண்டு."

மற்ற மூன்று ராட்டைகளும் ஒரு நொடி நின்றன.

"பஸ் ஸ்டாண்டா?" என்றாள் தங்கப்பொண்ணு. ஒச்சம்மாள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "குறுக்க பேசாத. அவ சொல்லட்டும்."

கதை கேட்கிற அவசரம் என்று ரெங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

செல்லூரில் அந்தத் தறிக்கூடத்துக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிற பெண்கள் நான்கு பேர். வாரம் ஒரு சினிமா டிக்கெட்டுக்கு நால்வரும் சேர்ந்து காசு போடுவார்கள். ஞாயிறு மாட்னிக்குப் போவது ரெங்கம்மாள் மட்டும். திங்கட்கிழமை மற்றவர்களுக்கு அவள் முழுப் படத்தையும் ஓட்டிக் காட்ட வேண்டும். சண்டைக்கு வாயால் சத்தம் கொடுப்பாள். பாட்டை ராகத்தோடு பாடுவாள். அழுகிற கட்டத்தில் உண்மையாகவே மூக்கைச் சிந்துவாள். நடுவில் இடைவேளை விடுவாள். எல்லோரும் டீ குடிப்பார்கள்.

ஒருமுறை சோலையம்மாள் ரெங்கம்மாள் சொன்ன படத்தைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, மதினி சொன்னதில் பாதிகூட அதில் இல்லை என்று தியேட்டர்காரனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ரெங்கம்மாளுக்குத் தெரியும். பார்க்காத படத்தையும் தன்னால் ஓட்ட முடியும்.

"ஒருத்தி பஸ் ஸ்டாண்டுல முழிச்சுக்கிட்டு நிக்கிறா. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி விட்டுட்டுப் போன புருசன் பஸ்ஸ விட்டு எறங்குறான். பசிக்குதுங்கிறான். அவ தன் காசுல சோறு வாங்கிக் குடுக்குறா."

"பாட்டு எத்தன மதினி?" என்றாள் சோலையம்மாள்.

"அஞ்சு. ரெண்டு தேறும். மிச்சம் மூணும் முறுக்கு வாங்க எந்திரிச்சுப் போறதுக்கு."

"வில்லன் யாரு?"

"வில்லன் கெடையாது. புருசன் மட்டுந்தான்."

"அந்தச் செலவு மிச்சம்" என்றாள் ஒச்சம்மாள்.

இதுவரை சொன்னதில் பாட்டு மட்டும்தான் பொய். அவன் சொல்லி அனுப்பியபடி ஞாயிறு மத்தியானம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றவள் ரெங்கம்மாள். இறங்கியவன் அவள் புருஷன் முத்திருளன். நால்வர் போட்ட டிக்கெட் காசில்தான் அவன் சாப்பிட்டான். கம்பத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறானாம். இன்று சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்குப் பெட்டியோடு வந்துவிடு என்று சொல்லியிருந்தான்.

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, புருஷன் வடக்கே மிலிட்டரியில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"வா, போவோம்ங்கிறான். அவ வாய் தொறக்காம நிக்கிறா. இடைவேளை" என்றாள்.

டீ வந்தது.

"போயிருவா மதினி" என்றாள் சோலையம்மாள். "கடைசி ரீல்ல அவ கால்ல விழுவா. இல்லாட்டி அவன் விழுவான். எந்தப் படத்துல எவ போகாம இருந்துருக்கா? போகலன்னா படம் ஓடாது."

"சோறு வாங்கிக் குடுத்தப்பவே தெரிஞ்சுச்சு, அவ லூசுன்னு" என்றாள் தங்கப்பொண்ணு.

ஒச்சம்மாள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். "ஏன் ரெங்கு, இம்புட்டு வருசம் கழிச்சு அவன் எதுக்கு வந்தானாம்?"

"கடையில சமைக்க ஆளு நிக்க மாட்டேங்குதாம்."

"நீ எப்பிடி இருக்கன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டானா?"

ரெங்கம்மாள் நேற்று நடந்ததை, அவன் இறங்கிய நொடியிலிருந்து சாப்பிட்டுக் கை கழுவியது வரை, மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"அந்த சீனே இல்லக்கா."

"அப்பச் சரி. டீயக் குடிச்சிட்டு மிச்சத்தச் சொல்லு."

மிச்சம் என்னவென்று வாயைத் திறக்கிற வரைக்கும் ரெங்கம்மாளுக்கே தெரியாது. திறந்ததும் தடையில்லாமல் வந்தது. கண்டக்டரின் விசிலை அவளே ஊதினாள். பஸ் உறுமியது. புருஷன் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தத் தடவை அவள் மூக்கைச் சிந்தவில்லை.

"அவ எங்க?" என்றாள் தங்கப்பொண்ணு.

"வேலையில இருக்கா. சுபம் போட்டாங்க."

"ஒரு வாரம்கூட ஓடாது" என்றாள் சோலையம்மாள். நிறைந்த தாரைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆனா நல்ல படம்" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியது. ரெங்கம்மாள் அறுந்த நூலை முடிந்து, ராட்டையைச் சுற்றினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. இருட்டப் போகிற நேரத்தில் கிளம்பும்போது ஒச்சம்மாள் சேலையை உதறிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரமும் நீயே போ, ரெங்கு."

காலையில் ரெங்கம்மாள் தியேட்டரைத் தாண்டி வர மனம் ஒப்பாமல் ஆற்றோரமாகச் சுற்றி வந்திருந்தாள். இப்போது அந்தக் கூச்சம் இல்லை. தியேட்டர் தெரு வழியாகவே நடந்தாள்.

நேற்று அவள் பார்க்கப் போவதாக இருந்த படத்தின் போஸ்டர் சுவரில் இல்லை. அதன் மேல் வேறொன்று ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு பழைய ராஜா கதை. கிரீடம், வாள், பின்னால் ஒரு யானை. குறுக்கே ஒட்டிய மஞ்சள் தாளில் ஞாயிறு மாட்னி முதல் என்று இருந்தது. நேற்றே படம் மாறிவிட்டது.

ஒச்சம்மாளும் சோலையம்மாளும் தங்கப்பொண்ணும் தினமும் இந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறார்கள்.