பூ சுற்றிய பெட்டி

“அக்கா, பெட்டிக்குள்ள சூடு ஏறிக்கிட்டே போகுது!” பசுமலை ஆய்வகத்தில் திரையைப் பார்த்துப் பதறினான் தமிழ்மாறன்.

“தொட்டா சூடே தெரியலயேப்பா,” என்றாள் விண்வெளி நிலையத்தில் மிதந்துகொண்டிருந்த ஷாஹீதா.

“உள்ளதான் கொதிக்குது. தீப்பிடிச்சா உங்க உசுருக்கே ஆபத்து. திறந்துருங்கக்கா.”

“திறந்தா கிருமி ஏறிரும். மல்லிகை நாத்து அம்புட்டும் வீணாப் போயிருமே! வருசக்கணக்கா பட்ட பாடுப்பா.”

“போனாப் போகுது, திறங்கக்கா!”

திறந்தாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“தமிழு, உள்ள ஜில்லுன்னுல்ல இருக்கு!”

திரையில் சூடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே மாதிரி இன்னொரு பெட்டி அவன் மேசைமேல் இருந்தது. மேலே இருக்கும் நாற்று நல்லபடியாக வளரட்டும் என்று வேண்டிக்கொண்டு, காலையில் ஆயுத பூஜைக்கு அவன்தான் அதற்குச் சந்தனம் பூசி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரத்தை நெருக்கமாகச் சுற்றியிருந்தான்.

எல்லாம் போன பிறகு பூ ஒரு கேடா என்று அதைப் பிடுங்கி எறிந்தான். அடைபட்டிருந்த காற்றுத் துளைகளிலிருந்து குப்பென்று அனல் அடித்தது.

மேலே உள்ள பெட்டியின் சூடு என்று அவன் நம்பியிருந்த எண், திரையில் மடமடவென இறங்கத் தொடங்கியது.