காது கொடுத்தவர்

அந்தப் பெண்ணின் குரலில் அவர் சொக்கிப் போயிருந்தார். பதினேழு வருடம் கூடவே வாழ்ந்த மனைவி இரண்டடி தள்ளி நிற்கிறாளே என்கிற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

“பேசினா இப்படிப் பேசணும்! என்ன உச்சரிப்பு, என்ன நிதானம்! நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம்,” என்றார், காதில் மாட்டியிருந்த கருவியைத் தடவிக்கொண்டே.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கருவியில் அழுத்தினால் ஒரு பெண் விளக்கம் சொல்வாள். நான்கு பேருக்கு இவர் வாங்கியது ஒரே ஒரு கருவி. மாட்டிக்கொண்டது தன் காதில். குடும்பத் தலைவர் இல்லையா!

“எனக்கும் குடுங்கப்பா,” என்றான் ஆறு வயது மகன்.

“உனக்கு என்னடா புரியும்? நான் கேட்டுச் சொல்றேன்.”

சொன்னார். பாதியை மறந்துவிட்டு, மீதியைத் தப்பாகச் சொன்னார். கப்பலின் நங்கூரத்தைக் கலப்பை என்றார்.

பத்தாவது படிக்கும் மகள்தான் அடம்பிடித்து எல்லோரையும் இங்கே இழுத்து வந்தவள். அவள் எதையும் திருத்தவில்லை. “நல்லாக் கேளுங்கப்பா,” என்று மட்டும் சொன்னாள்.

“அடுத்த கூடத்துக்கு இடது பக்கம் திரும்பணும்,” என்றாள் மனைவி மெதுவாக. ஒரு நொடி கழித்துக் கருவியும் அதையே சொன்னது.

“பெரிசா எல்லாம் தெரிஞ்ச மாதிரி!” என்று அவளை முறைத்தார்.

“இல்லங்க... அந்த வேலை விஷயம். இன்னிக்குள்ள பதில் சொல்லணும். மூணு தடவை உங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“நாலு வார்த்தை கோர்வையாப் பேசத் தெரியாது. உனக்கு எவன் வேலை குடுத்தான்?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த எண்ணை அழுத்தினார். வீட்டிலும் இதே கதைதான். அவள் பேச வாயெடுத்தால் அவர் கை தானாக டிவியின் சத்தத்தைக் கூட்டும்.

அவள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பழக்கம்தான்.

வெளியே போகும் வழியில் கருவியைத் திருப்பித் தரும் மேசை இருந்தது. அங்கிருந்த ஊழியரிடம் அவர் குழைந்தார். “யாருங்க இந்தம்மா? நேர்ல பார்த்துப் பாராட்டணும்.”

“நான் பார்த்ததில்ல சார். பதிவெல்லாம் வேற ஆபீஸ்ல நடந்துச்சு. அவங்களுக்கு வேலையை நிரந்தரமாக்கித் தரோம்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மாவோட வீட்டுக்காரர்தான் காது குடுத்தே கேக்க மாட்டேங்கிறாராம்.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அவனெல்லாம் ஒரு மனுஷனா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

மேசையில் கிடந்த பார்வையாளர் புத்தகத்திலும் அதை அப்படியே எழுதினார். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் எழுதி முடிக்கும்வரை மகள் பொறுமையாக இருந்தாள். பிறகு அப்பாவின் காதிலிருந்து கருவியைக் கழற்றித் தம்பியின் காதில் மாட்டி, ஓர் எண்ணை அழுத்தினாள்.

சிறுவன் இரண்டு நொடிதான் கேட்டான். அவன் கண் அகலமாக விரிந்தது.

“அம்மா, நீ எப்படிம்மா இதுக்குள்ள பேசற?”