எலுமிச்சைக்கு நின்ற கார்

ஷோரூம் வாசலில் பூஜை முடிந்து, புதுக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தானாக ஓடும் அந்த மின்சாரக் கார், வழியில் ஏதோ கிடக்கிறது என்று அசையாமல் நின்றுவிட்டது. வாங்க வந்த குடும்பம் சகுனம் சரியில்லை என்று முன்பதிவை ரத்து செய்துவிட்டு, எதிரே இருந்த பெரிய கம்பெனிக்குப் போனது. அந்த வாரத்தில் அது ஒன்பதாவது குடும்பம்.

"பெரிய கம்பெனி வண்டி, பழம்னு தெரிஞ்சு நசுக்கிட்டுப் போவுதுங்க மேடம். நம்முளுது மட்டும் ஏன் பயந்து நிக்குது?" என்றார் விற்பனை மேலாளர் ஜெபராஜ்.

"பழத்தைச் சொல்லிக்குடுக்க ரெண்டு மாசம் வேணுங்க," என்றாள் மதிவதனி. அந்தப் புதுக் கம்பெனியின் கார்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கற்பிப்பவள் அவள்தான்.

"ஆயுத பூஜைக்கு நாலே நாளுங்க."

மதிவதனி குறுக்குவழியில் போனாள். சக்கரத்தை ஒட்டி உள்ளங்கை அளவில் எது கிடந்தாலும் நிற்க வேண்டாம் என்று எல்லாக் கார்களுக்கும் கட்டளை அனுப்பிவைத்தாள். ஆயுத பூஜையன்று அறுபது கார்கள் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பின. ஜெபராஜ் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்.

ஜிலேபிப் பொட்டலத்தோடு தன் தெருவுக்குள் அவள் நுழைந்தபோது, மகள் இதழி குப்புறப் படுத்து, அங்கே நின்றிருந்த காரின் சக்கரத்தடியில் கையை விட்டுப் பந்தைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினாள் மதிவதனி.

"கைய எடு கண்ணு! எடு!"

"கை பட்டா கார் நின்னுக்கும்னு நீதானம்மா சொன்னே?"

"அது மத்த கார் கண்ணு. இது எங்க கம்பெனி கார்!"