லாலிபாப்

“மூணு நிமிஷம்தான் உனக்கு. அந்தப் புத்தகத்துலேருந்து ஒரு வரி வாசிச்சாலும் மைக்கை அணைச்சிடுவேன்” என்றார் ஹார்லன்.

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தச் சிற்றூர்ப் பள்ளி வாரியத்துக்கு அவர்தான் தலைவர். வருங்காலத்து ஊர் ஒன்றைப் பற்றிய இளைஞர் நாவல், கடைப் பளபளப்பு மாறாமல் அவர் முன்னால் கிடந்தது. பிள்ளைகள் மனதைக் கெடுக்கும் என்று அதை நூலகத்திலிருந்து தூக்க, சற்று நேரத்தில் வாக்கெடுப்பு. பக்கத்திலிருந்த வாரிய உறுப்பினர் லொரேன் மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

மைக் முன்னால் நின்ற பிரிட்டாவுக்குப் பதினாறு வயது. வெறுங்கையோடு வந்திருந்தாள்.

“வாசிக்கல சார், வாயால சொல்றேன். கேக்குற தைரியம் இருக்கா உங்களுக்கு?”

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். முளைத்து மூன்று இலை விடவில்லை, பேச்சைப் பார் என்று ஹார்லனுக்குக் காது சிவந்தது.

“ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். மணி அடிச்சா எல்லாக் கதவையும் பூட்டி, விளக்கை அணைச்சிடுவாங்க. ஆறு வயசுக் குழந்தைங்க இருட்டுல சுவரோட ஒட்டி உக்காரணும். நடந்தா மின்னுற ஷூ போட்டிருந்தா, கழட்டி ஒளிச்சு வைக்கணும்.”

“எதுக்கு?” என்றாள் லொரேன்.

“வெளிச்சத்தைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்க மேடம். அழுதா சத்தம் கேக்குமே, அதனால ஆளுக்கொரு லாலிபாப் வாயில வச்சுடுவாங்க. வெளியே ஒருத்தன் கதவுப் பிடியை ஆட்டு ஆட்டுனு ஆட்டுவான். ஒரு பையன் பயத்துல டவுசர்லயே போயிட்டான். அப்பவும் லாலிபாப்பை வாய்லேருந்து எடுக்கல.”

தன் வேலையை இந்தப் பெண்ணே முடித்துக் கொடுத்துவிட்டாள் என்று ஹார்லனுக்கு உள்ளூரக் குஷி. மேசையை ஓங்கித் தட்டினார்.

“போதும்! கேட்டீங்களா எல்லாரும்? இப்படிக் கற்பனை பண்றவன் மனுஷனா? இதைப் படிச்சா நம்ம பிள்ளைங்க நிம்மதியாத் தூங்குமா?”

“தூங்கல சார். என் தம்பி வியாழக்கிழமையிலேருந்து தூங்கவே இல்ல.”

“அவன் கையில இந்தப் புத்தகத்தை யாரு குடுத்தது?”

“யாரும் குடுக்கல. அன்னைக்கு அவன் கிளாஸ்லதான் இது நடந்துச்சு. துப்பாக்கிக்காரன் வந்தா எப்படி ஒளியணும்னு ஒத்திகை. நடத்தியே ஆகணும்னு முதல்ல கை தூக்கினது நீங்கதான் சார்.”

லொரேன் ஹார்லன் முன்னாலிருந்த நாவலை இழுத்துப் பிரித்தாள். அதுவரை யாருமே பிரிக்காத புத்தகம், முதுகு சடசடத்தது.

“அப்ப இதுல என்னதாம்மா இருக்கு?”

நேரம் முடிந்ததாக மணி அடித்தது. பிரிட்டா மைக்கை விடவில்லை.

“இந்தக் கதையில வர்ற ஊர்ல எந்தக் கதவுக்கும் பூட்டே கிடையாது மேடம்.”